முச்சலிக்காவும் ஊருணித் தண்ணீரும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சர்க்கார் உத்தியோகத்துக்குக் கோபம் ஆகாது என்று சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பினாள். இந்த உத்தியோகத்துக்கு அது அறவே ஆகாது என்று திருச்சியில் எங்கள் மேலதிகாரியும் சொன்னார். இருவர் சொன்னதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். குணம்தான் மாறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டை அப்போது தனி ஜில்லா இல்லை. சமஸ்தானம் போய்த் திருச்சியோடு சேர்ந்து பல வருஷம் ஆகியும், எது நடந்தாலும் "மகாராஜா இருந்தா இப்படி ஆகுமா" என்று சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். பஸ் நேரத்துக்கு வராததற்கும் அதே பேச்சுதான். அந்த ஊரில் நான் புரொபேஷன் ஆபீசர். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி என் வாய் வலித்துப் போயிருக்கிறது. முதல் தடவை தப்புச் செய்தவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் கோர்ட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பும். அதற்கு ஒரு முச்சலிக்கா எழுதி வாங்குவார்கள். இத்தனை காலம் நன்னடத்தையோடு இருப்பேன், இன்ன ஊரை விட்டுக் குடிபெயர மாட்டேன், ஆபீசர் சொல்வதைக் கேட்பேன் என்று கைநாட்டு வைக்க வேண்டும். அவர் அப்படி இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பது என் வேலை. மீறினால் நான் கோர்ட்டுக்கு எழுத வேண்டும். அப்புறம் ஜெயில்தான்.

போலீஸ் இல்லை, டீச்சர் இல்லை, சுகாதார இலாகாவும் இல்லை. கையில் குடையும் தோளில் ஜோல்னாப்பையுமாக ஒரு பொம்பளை செம்மண் தடத்தில் தனியாக வருகிறாள் என்றால் ஜனங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு ஊரில் அம்மை குத்த வந்திருக்கிறேன் என்று நினைத்து, பிள்ளைகளையெல்லாம் முந்திரிக் காட்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போன பெண்ணும் அவர்களோடு ஒளிந்துகொண்டாள். அவளைத் தேடி எடுக்க அரை நாள் ஆனது.

கண்காணிப்பு எப்படி இருந்தால் அது தரமான கண்காணிப்பு என்று இலாகாவில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. மாதம் தவறாமல் வீட்டுக்குப் போக வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். கண்காணிப்பில் இருப்பவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார். "இன்னைக்குத் தண்ணிம்பாங்க. அடுத்த மாசம் காபி. அதுக்கடுத்த மாசம் எலை போட்டு ஒக்கார வச்சிருவாங்க. அப்புறம் அவங்களப் பத்தி எப்படிம்மா உள்ளதை உள்ளபடி எழுதுவீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அவரும் நேர்மையான மனிதர். ஒரு வெற்றிலை பாக்குக்குக்கூடக் கை நீட்டாதவர். எனக்கு அவரிடம் பயம் இல்லை, மரியாதை இருந்தது.

எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். பெண் ஆபீசர் யாரும் இல்லாததால் பெண்களையும் அவரே பார்த்துவந்தார். சுற்றறிக்கையில் சொன்னதை ஒன்று விடாமல் செய்தார். அவர் மாற்றலாகிப் போனதும் பெண்கள் எல்லோரும் என் பொறுப்புக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவளுக்கு முப்பது வயது இருக்காது. புருஷன் செத்து இரண்டு வருஷம். ஏழு வயதில் ஒரு மகள். கல்யாண வீடு ஒன்றில் பாத்திரம் தேய்க்கப் போனவள், ஒரு வெண்கலப் பானையைக் கோணிச் சாக்கில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். மகளுக்கு அப்போது விஷக் காய்ச்சல். பானையை விற்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை. முதல் கடையிலேயே பிடிபட்டாள். மாஜிஸ்திரேட்டிடம் "எடுத்தேங்க" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள். பானை உடையவளிடம் போய்விட்டது. இவளை இரண்டு வருஷ முச்சலிக்காவில் விட்டார்கள். அண்ணன் ஜாமீன். புருஷன் ஊரிலேயே, புருஷன் வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நான் முதலில் போனது சித்திரை வெயிலில். திருவரங்குளம் போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் ஒரு கிளைப்பாதையில் இறங்கி, ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே ஊருணி. செம்பாறாங்கல்லில் படி கட்டி, ஆடு மாடு இறங்காதபடி சுற்றிலும் முள் அடைத்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீர் என்பதால் அதில் யாரும் கால்கூட நனைப்பதில்லை. பெண்கள் வரிசையாக இறங்கிக் குடத்தை அமுக்கி நிரப்பிக்கொண்டு ஏறினார்கள். ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

அவள் வீடு கடைசித் தெருவில். யார், எவர் என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகத்தில் சுற்றறிக்கை எல்லாம் மறந்துபோய்விட்டது. "ஒரு சொம்பு தண்ணி கொடும்மா" என்றேன்.

அவள் நகரவில்லை. "ஐயா குடிக்க மாட்டாருங்க" என்றாள்.

"எந்த ஐயா?"

"முந்தி வந்தாருல்ல, அவருங்க."

"என்னைப் பாத்தா ஐயா மாதிரியா இருக்கு? கொண்டா."

"உப்புத் தண்ணிங்கம்மா. ஒங்களுக்கு ஆகாது. நான் ஊருணியில எடுக்கக் கூடாதுங்க."

ஏன் என்று கேட்டேன். நின்றபடியே சொன்னாள். அழாமல், யாரோ பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு நடந்ததைப் போலச் சொன்னாள். பானை விவகாரத்துக்குப் பிறகும் ஊர் முதலில் அவளை ஒன்றும் சொல்லவில்லையாம். ஆபீசர் ஐயா மாதாமாதம் வந்தார். வாசல் படி ஏறமாட்டார். இவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பார். எதிர் வீடும் பக்கத்து வீடும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று நான்கு மாதம் போனதும் புருஷனின் தம்பி ஊர்க் கூட்டத்தில் கிளப்பிவிட்டான். சர்க்காரே இவள் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, இவள் குடம் ஊருணியில் படலாமா என்று. அவனுக்கு அந்த வீட்டின் மேல் கண். கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அவளோடு யாரும் அன்னந்தண்ணி புழங்கக் கூடாது. ஊருணிப் படியில் அவள் இறங்கக் கூடாது.

அன்றிலிருந்து காட்டுப் பக்கம் இருக்கிற பாழுங்கிணற்றில்தான் அவள் தண்ணீர் எடுத்தாள். வாயில் வைத்தால் கரிக்கும். அதில் வேகவைத்தால் பருப்பு வேகாது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம். சுற்றறிக்கையைக் கண்டிப்பாகச் சொன்ன மேலதிகாரி நல்லவர். அதன்படி நடந்தவரும் நல்லவர். இரண்டு நல்லவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். "அந்த உப்புத் தண்ணியைக் கொண்டா" என்றேன். கொண்டுவந்தாள். வாசல் படியில், தெருவைப் பார்க்க உட்கார்ந்து, எதிர் வீட்டுக்காரி பார்க்கட்டும் என்று நிதானமாக ஒரு சொம்பையும் குடித்து முடித்தேன். குமட்டிக்கொண்டு வந்ததை வெளியில் காட்டவில்லை.

அப்போதுதான் மூலையில் கட்டி வைத்திருந்த துணி மூட்டையைப் பார்த்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டேன். குன்றாண்டார்கோவில் பக்கம் அண்ணன் ஊருக்குப் போய்ப் பார்த்தாளாம். ஜாமீன் நின்ற அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிதான் வாசலை மறித்துக்கொண்டு நின்றாளாம். "அங்கயும் இல்லைங்க. எங்கிட்டாவது போறேன்" என்றாள்.

"எங்கிட்டாவதுன்னு போனா முச்சலிக்கா முறிஞ்சு போகும். தெரியுமில்ல? நான் எழுதித்தான் ஆகணும். ஜெயிலு."

"ஜெயில்ல தண்ணி குடுப்பாகளாங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கொடுப்பார்கள் என்றேன். "நல்ல தண்ணியாங்க?" என்றாள். தலையை ஆட்டினேன். "அப்ப அது தேவலைங்க. புள்ளையையும் கூட வச்சுக்க விடுவாகளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் நான் அசைந்ததில்லை. இந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. அது வெளியில் தெரியாமல் இருக்க அவள் மேலேயே பாய்ந்தேன். "மூட்டையை அவுரு. ஊரை விட்டு ஒரு அடி எடுத்து வச்சே, நானே ஒன்னைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போவேன். ஊருணியில நீ தண்ணி எடுக்க வைக்கிறது என் பொறுப்பு. அதுவரைக்கும் இங்கதான் இருக்கணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எத்தனை பேர் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்களோ. ஆனாலும் மூட்டையை அவிழ்த்தாள்.

அங்கிருந்து நேரே ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் ஊர்த் தலைவரை அம்பலக்காரர் என்பார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அப்படி இல்லை. எழுந்து நின்று, "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று பாய் விரிக்கச் சொன்னார். அவர் சம்சாரம் பெரிய சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். மேலே கொத்தமல்லித் தழை மிதந்தது.

"குடிக்க மாட்டேங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "ஏம்மா, எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களா?"

"இந்த ஊருல ஒரு வீட்டுலதான் தண்ணி குடிப்பேன். ஒங்க ஊருணித் தண்ணி அந்த வீட்டுக்கு எப்ப போகுதோ, அப்ப ஒங்க வீட்டு மோரும் குடிப்பேன்."

தண்ணீரை மறுப்பது அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று அன்று காலைதான் கற்றுக்கொண்டிருந்தேன். அதையே அவர்கள் மேல் திருப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கையைப் பிசைந்தார். ஊர்க் கூட்டத்தின் முடிவைத் தனி ஆளாக மாற்ற முடியாது என்றார். அவள் இந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும் என்ற கோர்ட்டு உத்தரவை மட்டும் ஊர்க் கூட்டம் மாற்றலாமா என்று நான் கேட்டேன். பேச்சு தடித்ததே தவிர காரியம் ஆகவில்லை. மோர் அப்படியே இருந்தது.

போலீசில் சொல்லியிருக்கலாமே என்று பின்னால் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் தோன்றாமல் இல்லை. அவளிடமே கேட்டேன். "ஏட்டையா வந்து நின்னா எடுக்க விடுவாகம்மா. அவரு எத்தனை நாளைக்கு நிப்பாரு?" என்றாள். அதோடு போலீஸ் யோசனையை விட்டுவிட்டேன்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை என்று இருந்ததை வாரம் ஒரு தடவை ஆக்கிக்கொண்டேன். போகும்போதெல்லாம் ஊருணிக் கரையில் கொஞ்ச நேரம் நிற்பேன். வேர்த்து வடிய நிற்கிற என்னைப் பார்த்து யாராவது குடத்தைச் சாய்ப்பார்கள். வேண்டாம் என்று கும்பிடுவேன். பிறகு கடைசித் தெருவுக்குப் போய், அவள் வாசலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீர் குடிப்பேன். வயிறு கெட்டுப் போனதைச் சொல்ல வெட்கமில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் நான் பட்ட பாடு அந்தக் கண்டக்டருக்குத்தான் தெரியும். ஒரு தடவை முந்திரிக் காட்டோரம் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டு, நான் வரும்வரை காத்திருந்தான். அந்தப் புண்ணியவானை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊரில் பேச்சு மாறியது. ஒரு நாள் படியேறி வந்த ஒரு பெண் என் முன்னால் குடத்தை இறக்கிவிட்டு நின்றுகொண்டாள். "ஒரு வாய் குடிங்கம்மா. நாங்க என்ன பாவம் பண்ணுனோம்? ஊருக்கே கேவலமா இருக்கு" என்றாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைம்மா. அதனாலதான் நானும் ஒண்ணும் குடிக்கலை" என்றேன். அவள் விருட்டென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனது கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் திருச்சிக்கு என் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போனது. ஆபீசரம்மா திருடி வீட்டிலேயே சாப்பிடுகிறார், இருவருக்கும் கூட்டு, அவளுக்குச் சாதகமாகப் பொய் எழுதுகிறார் என்று. யார் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், வீட்டின் மேல் கண் வைத்திருந்த அந்தக் கொழுந்தன்தான். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு அவரே புதுக்கோட்டைக்கு வந்துவிட்டார். "ஏறுங்கம்மா. அந்த ஊருக்கே போய் விசாரிச்சிருவோம்" என்றார். வழியில் விஷயத்தைச் சொன்னார். குற்றச்சாட்டு உண்மையானால் என்னை மாற்றுவதோடு முடியாது. நான் அவளைப் பற்றி நல்லபடியாக எழுதிய அறிக்கைகள் எதுவும் செல்லாது. ஊரோடு ஒத்துப் போகாதவள், கண்காணிப்புக்கு லாயக்கில்லாதவள் என்று கோர்ட்டுக்குத் திருப்பி எழுத வேண்டிவரும். என் பிடிவாதத்தால் அவள் ஜெயிலுக்குப் போக வேண்டிவரும் போலிருந்தது.

ஊருணிக் கரையில் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஊரே திரண்டு வந்திருந்தது. அம்பலக்காரர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து நீட்டினார். மேலதிகாரி, "விசாரணைக்கு வந்த எடத்துல நான் எதுவும் வாங்கிக்கிறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு, ஜீப்பிலிருந்து தன் கூஜாவை எடுத்துவரச் சொல்லித் திறந்து, திருச்சித் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். அவர் எங்கே போனாலும் அப்படித்தான். ஆனால் அந்த ஊர் அதை அப்போதுதான் பார்த்தது. அம்பலக்காரர் இளநீரோடு அப்படியே நின்றார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. முதலில் வந்தவர் ஒருத்தி வீட்டில் குடிக்கவில்லை. அடுத்து வந்த நான் அந்த ஒரு வீட்டைத் தவிர எங்கும் குடிக்கவில்லை. மூன்றாவதாக வந்த பெரிய ஆபீசர் ஊரில் யார் கையாலும் குடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"அந்தப் பொண்ணு வீட்டுல சாப்பிட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"தண்ணி குடிச்சேன் சார். வாராவாரம் குடிச்சேன். சோறு போடலை. போட்டிருந்தா அதையும் சாப்பிட்டிருப்பேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அம்பலக்காரரைப் பார்த்து, அந்தப் பெண்ணை ஏன் ஊருணியில் தடுத்தீர்கள் என்று கேட்டார்.

"எங்களுக்கு அந்தப் புள்ளை மேல ஒரு கோவமும் இல்லைங்க" என்றார் அம்பலக்காரர். "பானையை எடுத்துச்சு. கோர்ட்டுல விட்டுட்டாக. சரின்னுதான் இருந்தோம். முந்தி வந்த ஐயா மாசாமாசம் வந்தாரு. வாசப்படி ஏறலை. அது கையால ஒரு வாய் தண்ணி குடிக்கலை. எங்க ஊருல பகையாளி வாசலுக்கு வந்தாக்கூடத் தண்ணி குடிச்சிட்டுத்தான் சண்டை போடுவான். சர்க்காரே பொழங்காத கை, ஊரு பொழங்கலாமான்னு கூட்டத்துல கேட்டாக. என்னால பதில் சொல்ல முடியலைங்க."

மேலதிகாரி கூஜா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அது எங்க சட்டம்யா. எந்த வீட்டுலயும் குடிக்க மாட்டோம். அந்தப் பொண்ணு வீட்டுல மட்டும் இல்ல."

"அது எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"இப்பத் தெரிஞ்சுச்சுல்ல. எடுக்க விடுங்க."

"அப்ப நீங்க அது கையால ஒரு வாய் குடிங்க. நாங்க விட்டுர்றோம்."

 குடித்தால் தன் விதியைத் தானே மீற வேண்டும். அதே குற்றத்துக்குத்தான் என்னை விசாரிக்க வந்திருக்கிறார். குடிக்காவிட்டால் அவள் கதி அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. குடித்துத் தொலையுங்களேன் ஐயா என்று மனசுக்குள் கத்தினேன். அவர் கை கூஜாவை விட்டு நகரவே இல்லை.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். இடுப்பில் வெறுங்குடம். "ஐயா குடிக்க வேணாங்க" என்றாள். "ஐயா ஜீப்புல வந்தாக, ஜீப்புல போயிருவாக. இந்தம்மாவும் ஒரு நாளைக்கு மாத்தலாகிப் போயிருவாக. அவுக குடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?" பிறகு அம்பலக்காரர் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க குடிங்க. நான் செத்தா என்னையத் தூக்கிப் போடப்போறது நீங்கதானே. பானையைத் திருடுனேன். இல்லைங்கலை. அதுக்குக் கோர்ட்டுல கைநாட்டு வச்சிருக்கேன். தண்ணிக்கும் சேத்து வைக்கலை."

யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. படியில் இறங்கினாள். கொழுந்தன் "ஏய்" என்று ஓரடி முன்னால் வைத்தான். அம்பலக்காரர் கையை நீட்டி அவனை மறித்தார். அவரே அப்படிச் செய்ய நினைத்தாரா, கை தானாக நீண்டதா என்று தெரியவில்லை. அவள் குடத்தை அமுக்கினாள். தண்ணீர் உள்ளே போகிற சத்தம் கரையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நிரம்பிய குடத்தோடு படியேறி அம்பலக்காரர் முன்னால் வந்து நின்று, குடத்தைச் சாய்த்தாள்.

அவர் கையில் இன்னும் அந்த இளநீர் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தார். அவள் ஊற்றினாள். அவர் குடித்தார். போதும் என்று அவர் தலையை ஆட்டிய பிறகும் அவள் ஒரு வாய் சேர்த்தே ஊற்றினாள். அதையும் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "போங்கப்பா, போயி வேலையைப் பாருங்க" என்று கூட்டத்தைக் கலைத்தார்.

மேலதிகாரியோடு ஜீப்பில் திரும்பினேன். புதுக்கோட்டை எல்லை வந்ததும், "ஒங்க மேல நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும்மா" என்றார். எடுங்கள் சார், காரணத்தையும் கூடவே எழுதுங்கள் என்றேன். எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. அவர் வாக்கு மாறாத மனிதர், காரணத்தையும் எழுதியிருந்தார். அவளைப் பற்றி நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் சரியானவை என்றும் எழுதியிருந்தார். சுற்றறிக்கை மாறவில்லை. நானும் மாறவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாலும் வாசலில், தெரு பார்க்க உட்கார்ந்து குடித்தேன். அதே சமயம் அவள் தப்புச் செய்தால் தப்பு என்றும் எழுதினேன். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்று நிரூபித்துவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம்.

முச்சலிக்காக் காலம் முடிந்தபோது அதைச் சொல்ல அவள் ஊருக்குப் போனேன். வீட்டுக்குக் கூரை புதிதாக வேய்ந்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இனி நான் வர மாட்டேன், உன் மேல் யாருக்கும் எந்தப் பிடியும் இல்லை, உனக்கு இஷ்டமானால் வேறு ஊருக்கும் போகலாம் என்றேன். ஊரோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்வாள், அதைக் கேட்டுச் சந்தோஷமாகத் திரும்பலாம் என்று எனக்கு நினைப்பு.

"தண்ணி எடுக்குறேங்க. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுறாக, போறேன். ஆனா சரியாகலைங்க" என்றாள். பிறகு, "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லலைங்க. சொன்னா கோவத்துல போலீசைக் கூட்டியாந்திருப்பீக" என்றாள்.

நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நடந்தது என்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குத் தாகம் தாங்கவில்லை. ஊருணிப் படியில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டிருக்கிறது. அங்கே நின்றிருந்த அம்பலக்காரர் சம்சாரம் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்து அழுத்தி, வாயில் இருந்த தண்ணீரைத் துப்ப வைத்துவிட்டார்.

"தெனமும் அந்தம்மாவைப் படியில பாக்குறேங்க. பேசுறாக, பேசுறேன். அவுக இடுப்பு வலின்னா குடத்தைத் தூக்கியும் விடுறேன். ஆனா மன்னிக்கலைங்க. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஊரை விட்டும் போக மாட்டேன். எம் மக கல்யாணத்தை இந்த வாசல்லதான் வைப்பேன். மொதப் பந்தியில அந்தம்மாவைத்தான் ஒக்கார வைப்பேன். எம் மக கையாலதான் அவுகளுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுவேன்."

எனக்கு மோர் கொண்டுவந்த அதே கை.  இப்போதே போய் அந்த அம்மாளை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அவள் என்னைத் தொட்டதே இல்லை.

"ஒக்காருங்கம்மா" என்றாள். "ஒங்க வேலை முடிஞ்சிருச்சு. இது என் வேலை."